நானூற்றுப் பதினேழு வெளியே போன நாள்

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமல் அடுப்படி ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருப்பீர்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தாலும் போதும். நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எழுதுகிறாள் என்றால் காரியமாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆமாம், காரியமாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் மேல்மாடித் தண்ணீர்க் குழாய் உடைந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது பதினோரு வருஷத்துப் பழைய பதிவுகளின் அச்சுத் தாள் கட்டுகள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. போனால் போகிறது, மெயின்ஃபிரேம் கணினியில் இருக்கிறதே என்றார் அதிகாரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். கணினி அறைக்குப் போய் அந்தப் பதினோரு வருஷத்து டேட்டா செட்டைத் திறந்தேன். எங்கள் இயந்திரத்தில் ஃபைலுக்கு அதுதான் பெயர் என்று, எனக்கு முன்னால் இந்த அறையைப் பார்த்துக்கொண்ட உங்கள் வீட்டுக்காரர், என் சார், சொல்லியிருப்பார். பெயர் இருந்தது. அதற்கு ஒதுக்கிய இடம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கதவு, ஜன்னல், பூட்டு எல்லாம் சரியாக இருந்து, உள்ளே ஆளே இல்லாத வீடு மாதிரி.

பேக்கப் டேப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். இரண்டு வருஷத்து டேப்புகள்தான் வைத்திருப்போம். புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்றை அழித்து மறுபடி பயன்படுத்துவோம். நூற்று நாலு டேப்பிலும் அதே வெறுமை. நகல் எடுக்கிற இயந்திரத்துக்கு நிறைவும் வெறுமையும் ஒன்றுதான் அக்கா. இல்லாததை அப்படியே, ஒரு வாரம் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறது.

நாற்பத்தோராயிரம் பேர் பிறந்ததற்கு இப்போது எங்கேயும் எழுத்து இல்லை.

அவர்கள் இருக்கக்கூடிய டேப் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். எண் 417. அலுவலகம் எரிந்தாலும் ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று சார் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு டேப்பை உங்கள் வீட்டுக்கு எடுத்து வருவாரே, அதில் கடைசியாக வந்தது. பஸ்ஸில் விட்டுவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தது.

வீட்டுக்குள் எது வந்தாலும், எது போனாலும் உங்கள் நோட்டில் ஏறும் என்று எனக்குத் தெரியும். நான் கொண்டுவந்த குடைகூட ஏறியது. அந்த நோட்டில் 417 உண்டா, இல்லையா? அது மட்டும் எழுதுங்கள். மற்றதை எழுத எனக்கு முகம் இல்லை.

டேப் அறைக்காரி


ஜூன் 9, திங்கள்

பிறப்புப் பதிவு அலுவலகக் கணினி அறைப் பொறுப்பாளர் அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சொன்னபடியே மூன்று நாள் ஜன்னல் கம்பியில்தான் இருந்தது. என் வீட்டை இந்த அளவுக்கு அறிந்தவர் தாங்கள். அறியாமல் என்ன? எத்தனை விடுமுறைக்கு இங்கே வந்து தங்கியிருக்கிறீர்கள். என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறீர்கள். என் கூடப் பிறக்காத தங்கை என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

புது அதிகாரி வந்து, அலுவலக டேப் வீட்டுக்குப் போவதற்கு எழுத்தில் அனுமதி எங்கே என்று கேட்டபோது, பழைய அதிகாரி வாயால் சொன்னதைச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆறு டேப்பைத் திருப்பி வாங்கினார்கள். மொத்தம் எத்தனை வெளியே இருக்கிறது என்று உங்களைக் கேட்டார்கள். ஏழு என்றீர்கள். ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாக்கு வெந்தா போயிருக்கும்? உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு நோப்பாளம், அந்தக் கோபம்கூட, வரவில்லை. அவர் வேலை போனது. மௌனம் வந்தது.

அவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். காலையில் செடிக்குத் தண்ணீர் விடுவார். பத்திரிகையை விளம்பரம் வரை படிப்பார். அன்றைக்குப் படித்ததை மறுநாள் என்னிடம் கேட்டுச் சரிபார்ப்பார், "நேத்து இப்படித்தானே போட்டிருந்தது?" என்று. கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போவார். அங்கே தொலைந்த பொருள் அறை என்று ஒன்று இருக்கிறது. பச்சைப் பையில் வட்டமாக ஒரு பெட்டி வந்ததா என்று கேட்பார். குடை வருகிறதாம், ஒற்றைச் செருப்பு வருகிறதாம், ஒருமுறை பல்செட்டு வந்ததாம். அது மட்டும் வரவில்லையாம். போன வெள்ளியோடு இருநூற்று ஆறு வெள்ளிக்கிழமை. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் நீங்கள் சொன்ன ஏழுக்கு நாங்கள் கட்டுகிற வட்டி.

உங்கள் நாற்பத்தோராயிரம் பேருக்காக விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இன்று அவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கணக்குப்பிள்ளை என்று நீங்களும் அவரும் கேலி செய்தவள்


ஜூன் 13, வெள்ளி

அன்புள்ள அக்கா,

திட்டினாலும் எழுதினீர்களே. "அம்மையார்" என்று படித்ததும் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. இரண்டு முறை படித்து இதைக் கவனித்தேன். அது பற்றி இன்றைக்கு ஒன்றும் கேட்கப் போவதில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த டேட்டா செட்டை வெறுமையாக்கியது நான்தான்.

பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சார் வேலையை விட்டுப் போய் மூன்றாம் வாரம். மாதம் ஒருமுறை ஒரு டேப்பை எடுத்து, அதிலிருப்பதை வேறு பெயரில் இறக்கிப் பார்ப்பார், ஞாபகம் இருக்கிறதா? இறங்காத பேக்கப் பேக்கப்பே இல்லை என்பார். அதை நான் தனியாகச் செய்து பார்த்த முதல் நாள் அது. பழகுவதற்காக, அதே பெயரில் உள்ளே ஒன்றும் இல்லாத டேட்டா செட் ஒன்றை ஒரு டேப்பில் எழுதி வைத்திருந்தேன். அதை இறக்கும்போது புதுப் பெயர் கொடுக்கிற வரியை விட்டுவிட்டேன். ஏற்கெனவே இருந்தால் மேலே எழுது என்ற வார்த்தையைப் போட்டேன். ஒரு வரி குறைந்தது, ஒரு வார்த்தை கூடியது. ஒன்றுமில்லாதது, எல்லாம் இருந்ததன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் இயந்திரம் பூஜ்ஜியம் என்று அச்சடித்தது. எங்கள் அறையில் பூஜ்ஜியம் என்றால் ஒரு குறையும் இல்லை என்று பொருள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

கவுண்டரில் தாள் கட்டுகள் இருந்ததால் நாலு வருஷம் யாரும் இயந்திரத்தைக் கேட்கவில்லை. இல்லாவிட்டால் அடுத்த வாரமே தெரிந்திருக்கும், சரிசெய்திருக்கலாம்.

அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒரு விசாரணை வரும். எத்தனை தப்பு என்று கேட்டால் ஒன்று என்பேன். நல்ல வேளை, அன்றைக்கு ஏழு சொன்ன வாய்க்கு இன்றைக்கு ஒன்று சொல்லத் தயக்கம் இல்லை.

கவுண்டருக்குத் தினமும் ஒரு தையல்காரப் பெண் வருகிறாள். தைத்துக்கொண்டே தாதிப் படிப்பை முடித்தவள், கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை 15-க்குள் பிறப்புச் சான்று காட்டாவிட்டால் இடம் போய்விடும். சாப்பாட்டு டப்பாவோடு காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். நேற்று என்னைப் பார்த்து, "நான் பிறக்கவே இல்லைன்னா, இந்த இடுப்பு வலி யாருக்கு வருதுன்னு உங்க மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றாள். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

மதியத்தில் டிஸ்க்குகளின் சத்தம் மட்டும் கேட்கும் நேரத்தில், அந்த நாற்பத்தோராயிரம் பேரும் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்கிற மாதிரி தோன்றுகிறது. யாரும் கோபமாக இல்லை. கூப்பிட்டால் வருவோம் என்று நிற்கிறார்கள்.

டேப் அறைக்காரி


ஜூன் 19, வியாழன்

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்து படித்தேன். நான் செய்தேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். படித்து முடித்து நிமிர்ந்தபோது, எதிரே இரண்டு படங்களுக்கு நடுவில் பச்சைப் பையின் காது தெரிந்தது.

ஆமாம். இங்கேதான் இருக்கிறது. நாலு வருஷமாக.

நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தேதி, வெள்ளிக்கிழமை. உள்ளே: டேப் ஒன்று, 417. அதற்கு நேராக, வெளியே என்ற பத்தியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே ஆறு வரி, ஆறு டேப், எல்லாம் வெளியே போனதாக, மறுநாள் தேதியில். கூட்டிப் பார்த்தால் நீ சொன்ன ஏழு.

என் பழக்கம் ஒன்று உனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் ஒரு வாரம் சாமி அருகில் இருந்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போக வேண்டும். சட்டைத் துணியானாலும் சரி, கத்தியானாலும் சரி. அவர் டேப்பை இரும்புப் பெட்டியில் வை, சூடும் புகையும் ஆகாது என்று சொல்லியிருந்தார். அத்தனை பேர் பிறந்த கதை இதற்குள் இருக்கிறது என்றும் அவரேதான் சொன்னார். அப்படிப்பட்டதைச் சாமிக்குக் காட்டாமல் எப்படி இரும்புப் பெட்டியில் போடுவது? அவர் குளிக்கிற நேரத்தில் பையோடு எடுத்துப் படங்களுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டிக்கு மாற்றுவேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கூட்டுப் பிரார்த்தனைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்டார், "நேத்து அந்த டேப் பையைக் கொண்டுவந்தேனா, பார்த்தியா?" விளக்குப் பக்கத்தில் வைத்தது தெரிந்துவிட்டது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பார்க்கலையே" என்றேன்.

அவ்வளவுதான் தங்கச்சி. ஒரு வார்த்தை. ஜீப்பில் ஆள் வந்ததும், ஆறை வாங்கிப் போனதும், வீட்டில் வேறு இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டதும் எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். அதற்குப் பிறகு எடுத்துக் கொடுத்தால், ஒளித்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார் என்று அவரைத்தானே சொல்வார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளை என்பதை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

பஸ்ஸில் தூங்கிவிட்டேன், அங்கேதான் விட்டிருப்பேன் என்று அவராக முடிவுக்கு வந்தார். தன் ஞாபகத்தையே நம்பாமல் போனார். நான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வெள்ளிக்கிழமைதோறும் டிப்போவுக்கு அனுப்பினேன். அவர் தேடுவது எங்கே இருக்கிறது என்று தெரிந்த கையால் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். நாளையோடு இருநூற்று எட்டு.

உன்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று இப்போது தெரிகிறதா? நீ சரியாக எண்ணினாய்.

இரண்டு நாளாக ஒரு கனவு வருகிறது. சாமி அலமாரியைத் திறக்கிறேன். பை இருக்கிற இடத்தில் ஒரு கிணறு. குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் குழந்தைகள், கண் மூடி, சுகமாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வைத்த மாதிரி உறங்குகின்றன. எழுப்பவும் மனமில்லை, மூடவும் மனமில்லை. கதவைப் பிடித்தபடியே விழித்துக்கொள்கிறேன்.

நாளைக்கே தபாலில் அனுப்பட்டுமா? துடைத்து அனுப்பட்டுமா? பையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சொல்லு, செய்கிறேன். அவரிடம் சொல்வது மட்டும் எப்படி என்று தெரியவில்லை.

அக்கா


ஜூன் 24, செவ்வாய்

அக்கா,

துடைக்க வேண்டாம். தபாலில் போட வேண்டாம். பையோடு அப்படியே இருக்கட்டும். அலமாரியில் விளக்கை மட்டும் நாலு அடி தள்ளி வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாலு வருஷம் சூட்டில் இருந்த டேப் சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கும். எடுத்த எடுப்பில் ஓட விட்டால் கிழியும், அல்லது மேல்பூச்சு உரிந்து வரும். உரிந்தால் போனதுதான். ஒட்டின டேப்பைப் பொறுமையாகப் பிரித்து ஓட்டத் தெரிந்த கை இங்கே யாருக்கும் இல்லை. சாருக்குத்தான் உண்டு. அவர் வர வேண்டும். வர வேண்டுமானால் அவருக்குத் தெரிய வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை அக்கா, இரண்டு நாள் யோசித்தேன்.

நானாக அவருக்கு எழுத மாட்டேன். ஆனால் அவர் என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன், என் வாய் உங்களுக்குத் தெரியும். அதனால் முந்திக்கொள்ளுங்கள்.

கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருநூற்று எட்டு என்று எழுதியிருந்த வரியை மட்டும் நிறைய தடவை படித்தேன்.

தையல்காரப் பெண்ணுக்கு இன்னும் இருபத்தொரு நாள்.

டேப் அறைக்காரி


ஜூலை 1, செவ்வாய்

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன். அவர் பிரிக்கிற ஆள் இல்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. நாலு மணிக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். செருப்பு மாட்டுகிற வரை வாய் வரவில்லை. ஒரு காலை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடும்போது, அலமாரியைத் திறந்து பையை எடுத்து அவர் எதிரே வைத்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். சாமி முன்னால் பேசிப் பழகிய பேச்செல்லாம் மறந்துபோய், கடைக்குப் போனவள் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன்.

அவர் பையைத் திறந்து பெட்டியின் மேலிருந்த எண்ணை விரலால் தடவினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு வெளியே போனார். டிப்போ இருக்கிற பக்கமாகத்தான்.

தங்கச்சி, அந்த ஒன்றரை மணி நேரம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அவருக்குப் புத்தி பிசகிவிட்டது, அதை நான்தான் பிசகவைத்தேன் என்று சாமி படத்தைப் பார்க்கவே கூசியது. விளக்குகூட ஏற்றவில்லை.

வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். பாவம், அந்த ஆளும் நாலு வருஷமா எனக்காகத் தேடிட்டுதானே இருந்தார்."

அதோடு சரி. சனி, ஞாயிறு, நேற்று, என்னோடு ஒரு பேச்சு இல்லை. கோபமாகப் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். நேற்றுக் கதவை ஒரே தரம்தான் இழுத்துப் பார்த்தார். இன்று காலை இழுக்கவே இல்லை. பத்திரிகையை என்னிடம் சரிபார்க்கவில்லை. மதியம் பழைய சட்டைகளில் ஒன்றை எடுத்து டேப்பைச் சுற்றினார், குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி. நாளைக் காலை பஸ்.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதிகாரிக்கு. டேப்பை எடுத்து வைத்தது யார், இல்லை என்று சொன்னது யார் என்று என் பெயரில், என் கையெழுத்தில் இருக்கிறது. அவர் அங்கே வந்து என்னைக் காப்பாற்ற ஏதாவது கதை கட்டுவார், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது மேசைக்குப் போய்விட வேண்டும். இதையாவது எனக்காகச் செய். உள்ளதைச் சொல்கிற உன் வாயை முதல்முறையாக நான் இரவல் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 7, திங்கள்

அன்புள்ள அக்கா,

வந்துவிட்டார்கள். நாற்பத்தோராயிரம் பேரும். ஒன்பது பேர் குறைய.

முதலிலிருந்து சொல்கிறேன். சார் புதன்கிழமை மதியம் வந்தார். முகம் கழுவப் போன நேரத்தில் உங்கள் உறையைப் பிரித்து, அந்தத் தாளை அதிகாரி மேசையில் வைத்தேன். சார் உள்ளே வந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் எங்கேயோ தான் வைத்து மறந்துவிட்டதாக ஆரம்பித்தார். அதிகாரி அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சார் படித்தார். மடித்தார். "என் வீட்டுக் கணக்குப்பிள்ளைகிட்ட பொய்க்கணக்கு எழுத முடியாது சார்" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

டேப்பை உடனே ஏற்ற விடவில்லை. அறைக் குளிர் அதற்குள் போகட்டும் என்று வியாழன் முழுக்க மேசையில் வைத்திருந்தார். பெட்டியைத் திறந்தபோது அக்கா, அந்தக் குளிர் அறை முழுக்க உங்கள் சாமி அலமாரி வாசனை. ஒரு டிஸ்க் கூட ஓடாத அமைதி வந்த மாதிரி இருந்தது, எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தின் படிக்கும் முனையைத் துணியால் துடைத்துவிட்டு, டேப்பை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை படிக்காமல் மெதுவாகச் சுற்ற விட்டார். கண்ணாடிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒட்டின இடம் பிரியும்போது, வெகு நாளாகத் திறக்காத ஜன்னலைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உடனே கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன். மூன்று மணி நேரம் இப்படி.

அதிகாரி, டிஸ்க் முழுவதையுமே டேப்பில் இருந்தபடி இறக்கிவிடலாமே என்றார். சார் வேண்டாம் என்றார். முழு டிஸ்க்கையும் இறக்கினால் அது தன் பழைய பெயரோடு எழுந்து நிற்கும். ஒரே பெயரில் இரண்டு டிஸ்க்கை இயந்திரம் ஏற்காது. ஒன்றை வெளியே தள்ளிவிடும். அன்றைய நாளும் இன்றைய நாளும் சேர்ந்து ஓடாது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "போனதை முழுசா கொண்டுவர முடியாதும்மா. வேணுங்கிறதை மட்டும், புதுப் பேர்ல இறக்கு."

வரிகளை நான் அடித்தேன். அனுப்பும் முன் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எந்த டேப், எந்த டேட்டா செட், எந்த டிஸ்க், என்ன புதுப் பெயர். மேலே எழுது என்ற வார்த்தை இல்லை. "இல்லைதானே?" என்றார். இல்லை என்றேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் இயந்திரம் பூஜ்ஜியம் என்று சொல்லவில்லை. நாலு என்றது. எச்சரிக்கை என்று பொருள். ஒன்பது பதிவுகளைப் படிக்க முடியவில்லை. அவர்களின் எண் தெரியும், பெயர் தெரியாது. அந்த ஒன்பது எண்களையும் சுவரில் ஒட்டி, மருத்துவமனைப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறோம். பூஜ்ஜியத்தைவிட இந்த நாலை நம்பலாம் என்று சார் சொன்னார்.

மற்றவர்கள் திரையில் வரிசையாக மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். தேதி, நேரம், எடை, தாய் பெயர். தையல்காரப் பெண் செவ்வாய்க்கிழமை அதிகாலை பிறந்தவள், இரண்டே கால் கிலோ. இன்று சான்றைக் கையில் வாங்கி, "இவ்வளவு சின்னதாவா இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து முழுவதும் சாப்பிட்டாள்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் சாரிடம் கேட்டேன், அக்கா மேல் கோபமா என்று. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். "கோபம் இருக்கு. இருக்காதா? ஆனா பஸ்ல போனது என் புத்தின்னு நாலு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அது போகலை. இப்ப அதை நினைச்சாத்தான் தூக்கம் வருது."

இதை உங்களுக்கு எழுதட்டுமா என்றேன். உன்னைத் தடுக்க முடியுமா என்றார்.

பழைய விசாரணைத் தாளில், ஏழாவது டேப் திரும்ப வந்தது என்று அதிகாரி தன் கையால் ஒரு வரி சேர்த்தார். எனக்கு ஆறு மாதம் கவுண்டர் வேலை. டேப் அறை இல்லாத டேப் அறைக்காரியாக இருப்பேன். சார் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறார்.

தங்கச்சி


ஜூலை 10, வியாழன்

தங்கச்சி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஜன்னல் கம்பிக்குப் போகவில்லை, வாசலில் நின்றே படித்தேன். அந்த ஒன்பது எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. விளக்கேற்றும்போது பெயர் இல்லாவிட்டாலும் எண்ணைச் சொல்லி வேண்டிக்கொள்ளலாம்.

அவர் போன அன்று நோட்டை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டு நாளாக ஒன்றும் எழுதாமல் இருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இன்று உன் கடிதத்தைப் படித்த பிறகு திறந்தேன். 417-க்கு நேராக, நாலு வருஷமாக வெறுமையாக இருந்த இடத்தில், அவர் கையெழுத்து. கல்யாணம் ஆனதிலிருந்து என் நோட்டில் அவர் எழுதியதே இல்லை. வெளியே: ஜூலை 2. எடுத்துப் போனது நான்.

பிறகு அலமாரியைத் திறந்து பை இருந்த இடத்தைத் துடைத்தேன். வட்டமாக ஒரு தடம் இருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிணற்றுக் கனவு அப்புறம் வரவில்லை.

நாளைக்கு இருநூற்றுப் பதினோராவது வெள்ளிக்கிழமை. இந்த முறை டிப்போவுக்கு நான் போகிறேன். தொலைந்த பொருள் அறைக்காரரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம் பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் பேசுவாரா, பேசாமல் முன்னால் நடந்துவிடுவாரா, தெரியாது. பேசாவிட்டாலும் பின்னால் நடந்து வருவேன்.

நோட்டில் நாளைத் தேதியைப் போட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். உள்ளே என்ற பத்தியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. வருவதற்கு முன்னால் எழுதினால் அது கணக்கு இல்லை, வேண்டுதல். அதை இன்றைக்கு அலமாரி முன்னால் சொல்லிவிட்டேன்.

அக்கா